46 வயதில் ஏறிய 7 கிலோ

கேள்வி: எனக்கு 46 வயது. இரண்டரை வருஷத்தில் 7 கிலோ கூடிவிட்டது, 61-லிருந்து 68. கை கால் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன, வயிறு மட்டும் முன்னால் வந்துவிட்டது. பீரியட்ஸ் ஒரு தடவை 23 நாளில் வருகிறது, அடுத்த தடவை 50 நாள் ஆகிறது; வந்தால் மூன்று நாள் கொட்டித் தீர்க்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு வியர்வையில் நனைந்து விழித்தால் அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன், காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன், மதியம் ஒரு சாலட், அப்படியும் ஒரு கிலோகூட இறங்கவில்லை. மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை ஹார்மோன் டெஸ்ட் எடுத்தேன். முதல் தடவை எஃப்.எஸ்.எச். அதிகம், மெனோபாஸ் நெருங்கிவிட்டது என்றார்கள். அடுத்த தடவை எல்லாம் நார்மல். டாக்டரிடம் கேட்டால் "வயசாகுது, வெயிட்டைக் குறைங்க" என்கிறார். எப்படிக் குறைப்பது என்று கேட்கத்தானே போனேன்? இப்போது இணையத்தில் பார்த்து ஒரு ஹார்மோன் பேலன்ஸ் பவுடரை இரண்டு மாதமாகக் குடிக்கிறேன். ஹார்மோனைச் சமப்படுத்தினால் எடை தானாக இறங்கும் என்கிறார்களே, எப்படிச் சமப்படுத்துவது? ஹார்மோன் மாத்திரை போட்டால் இன்னும் குண்டாகிவிடுவேனா? கடைசியாக ஒன்று, அபத்தமாக இருந்தால் மன்னியுங்கள்: பழைய உடுப்புகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா, இல்லை வைத்திருக்கலாமா?

பதில்:

கடைசிக் கேள்வியில் அபத்தம் எதுவும் இல்லை, அதற்குக் கடைசியிலேயே வருகிறேன். முதலில் இந்தச் "சமப்படுத்துவது" விஷயத்தை முடித்துவிடுவோம். என் அறைக்கு வருகிற எத்தனையோ பெண்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள், பணத்தையும் அதில்தான் விட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு 25 வயதாக இருந்தபோதும் ஹார்மோன்கள் சமமாக இருந்ததில்லை. பீரியட்ஸின் முதல் சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன் தரையோடு தரையாகக் கிடக்கும், கருமுட்டை வெளியே வருவதற்கு ஓரிரு நாள் முன்னால் பல மடங்கு எகிறும், சரியும், மறுபடி கொஞ்சம் ஏறும். முட்டை வெளிவந்த பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் புரோஜெஸ்ட்டிரோன் ஆட்சி, அது விழுந்ததும் பீரியட்ஸ். ஏறி இறங்குவதுதான் அவற்றின் வேலையே. முன்பு அதற்கு ஒரு தாளம் இருந்தது, இப்போது தாளம் தப்புகிறது.

ஏன் தப்புகிறது என்றால், சினைப்பையில் முட்டைகள் குறையக் குறைய, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி "வேலை செய், வேலை செய்" என்று விரட்டுகிறது. சில மாதம் சினைப்பை அந்த விரட்டலில் மிரண்டுபோய் இளவயதில் சுரந்ததைவிடவும் அதிகமாக ஈஸ்ட்ரோஜனைக் கொட்டிவிடும். சில மாதம் முட்டையே வெளிவராது. முட்டை வராத மாதத்தில் புரோஜெஸ்ட்டிரோன் இல்லை. அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருந்தால் கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், 50 நாள் கழித்து அது உதிரும்போது மூன்று நாள் கொட்டித் தீர்க்கும். நீங்கள் எழுதியிருக்கிறபடியே.

அதனால் உங்கள் இரண்டு டெஸ்ட் ரிப்போர்ட்டுகளும் உண்மைதான். ஒன்று எகிறிய நாளில் எடுத்தது, இன்னொன்று அடங்கிய நாளில் எடுத்தது. மூன்றாவது எடுத்தால் மூன்றாவதாக ஒரு பதில் வரும். டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-ல் வெளியிட்டதே, 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு பெரிமெனோபாஸா, அதாவது மெனோபாஸுக்கு முந்தைய மாற்றக் காலமா என்று கண்டுபிடிக்க எஃப்.எஸ்.எச். பார்க்க வேண்டாம், அறிகுறிகளை வைத்தே முடிவுசெய்யலாம் என்கிறது. போன காசு போகட்டும், இனிமேல் அதற்குச் செலவழிக்காதீர்கள். உங்களிடம் அதைவிட நல்ல கருவி ஒன்று இருக்கிறது, காலண்டர். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் அடிக்கடி வந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இடைவெளி 60 நாளைத் தொட்டுவிட்டால் பின்கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். மொத்தமும் பொதுவாக நாலு வருஷம் போல ஆகும், சிலருக்கு இரண்டு, சிலருக்கு எட்டுகூட. எல்லாம் சமமாகட்டும், அதற்கப்புறம் எடையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது அலை ஓய்ந்து தலை முழுகக் காத்திருப்பது மாதிரி.

சரி, அந்த 7 கிலோ எங்கிருந்து வந்தது? "மெட்டபாலிசம் படுத்துவிட்டது" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாதவர்கள் இல்லை, நானே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021-ல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது, 29 நாடுகள், 6,400-க்கும் மேற்பட்ட ஆட்கள், பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயதுவரை. உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு எரிக்கிற கலோரி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது, மெனோபாஸ் வயதில் தனியாக ஒரு சரிவு தெரியவில்லை. இதைப் படித்த பிறகு அந்த வசனத்தை விட்டுவிட்டேன்.

ஆனால் ஹார்மோனுக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1996-ல் ஆரம்பித்து வருஷக்கணக்காக ஒரே பெண்களைப் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற ஆய்வு இருக்கிறது. அதிலிருந்து 2019-ல் வந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது வெயிட் மெஷினை நம்பவில்லை, உடம்புக்குள் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்து அளந்தது. பெரிமெனோபாஸ் தொடங்கியதும் கொழுப்பு சேரும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, அதே நேரத்தில் தசை கரைய ஆரம்பிக்கிறது, கடைசி பீரியட்ஸுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் இரண்டும் நிலைக்கு வருகின்றன. மெஷினில் மட்டும் பெரிய துள்ளல் எதுவும் தெரிவதில்லை, ஒன்று கூடியதை இன்னொன்று குறைந்து மறைத்துவிடுகிறது. அதாவது 68 என்று மெஷின் காட்டினாலும் உள்ளே நடந்திருப்பது அந்த எண் சொல்வதைவிடப் பெரிய மாற்றமாக இருக்கலாம். அதோடு ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை தொடையிலும் இடுப்பிலும் போய் உட்கார்ந்த கொழுப்பு இப்போது வயிற்றுக்குள், குடலைச் சுற்றியும் கல்லீரலைச் சுற்றியும் சேர்கிறது. கை கால் அப்படியே இருக்க வயிறு மட்டும் வருவது இதனால்தான். இந்த உள்வயிற்றுக் கொழுப்பு சும்மா இருக்காது, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

ஆகவே இன்ச் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அளக்கக் கூடாது, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், தோல் மேலேயே, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல். எக்குவீர்கள், எல்லாரும் எக்குவோம், அதனால் இரண்டு முறை அளந்து பெரிய எண்ணை எழுதுங்கள். உங்கள் உயரத்தில் பாதிக்குக் கீழே அது இருக்க வேண்டும், 158 செ.மீ. உயரம் என்றால் 79-க்குள். இனிமேல் நம் கணக்கு இதுதான்.

எடை குறைக்கிற பேச்சை எடுப்பதற்கு முன்னால் உங்கள் டாக்டர் ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும், கேட்டாரா என்று கடிதத்தில் இல்லை: அந்த மூன்று நாள் எவ்வளவு போகிறது? ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து அது சில மணி நேரம் தொடர்ந்தால், பெரிய பெரிய கட்டியாக விழுந்தால், ஏழு நாளைத் தாண்டினால், இரண்டு பீரியட்ஸுக்கு நடுவிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டால் "இந்த வயசில் இப்படித்தான்" என்று விட்டுவிடாமல் போய்க் காட்டுங்கள். ஒரு ஸ்கேன், தேவைப்பட்டால் உள்சவ்விலிருந்து ஒரு துளி எடுத்துப் பரிசோதனை. 45 வயதுக்கு மேல், எடையும் கூடியிருந்தால், இதில் நான் தாமதிக்க மாட்டேன். கொழுப்புத் திசு தானே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும், புரோஜெஸ்ட்டிரோன் வராத மாதங்களில் அது உள்சவ்வை இன்னும் தடிக்க வைக்கும், அரிதாகச் சிலருக்கு அது புற்றுநோய்வரை போகலாம். கூடவே ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்புச்சத்து வற்றிப்போன பெண் மாடிப்படி ஏறவே யோசிப்பாள், அவளைப் பிடித்து "இன்னும் நட" என்றால் எங்கிருந்து நடப்பாள்?

50 நாள் தள்ளிப்போனதே, கர்ப்பப் பரிசோதனை செய்தீர்களா? சிரிக்காதீர்கள், எனக்கு 47 வயதில் கர்ப்பமாக வந்தவரைத் தெரியும், அவரும் வயிறு போட்டுவிட்டது என்றுதான் வந்தார். பீரியட்ஸ் தாறுமாறாக வருகிற வரைக்கும் முட்டை எப்போது வேண்டுமானாலும் வரலாம். கடைசி பீரியட்ஸ் 50 வயதுக்கு முன் என்றால் அதற்கப்புறம் இரண்டு வருஷம், 50-க்குப் பின் என்றால் ஒரு வருஷம் கருத்தடை வேண்டும்.

அடுத்து தைராய்டு. சோர்வு, எடை, தூக்கக் கேடு, பீரியட்ஸ் குளறுபடி எல்லாமே தைராய்டு குறைவிலும் வரும், டி.எஸ்.எச். ஒன்று பார்த்தால் போதும். ஆனால் இங்கே உங்கள் பவுடர் குறுக்கே வருகிறது. முடிக்கு நல்லது என்று இந்தப் பவுடர்களில் பலவற்றில் பயோட்டின் சேர்த்திருப்பார்கள், அது சில ஆய்வக முறைகளில் தைராய்டு டெஸ்டைப் பொய் சொல்ல வைக்கும், டி.எஸ்.எச். குறைவாக இருப்பது போலக் காட்டும், இல்லாத தைராய்டு மிகைக்கு மருந்து ஆரம்பித்தவர்களும் உண்டு. டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். இருந்தால் டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கு எச்.பி.ஏ1சி, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், இவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம். கடைசி பீரியட்ஸை ஒட்டிய வருஷத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் திடீரென்று ஏறுகிற வழக்கம் உண்டு. வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, சர்க்கரைக்கான சில மருந்துகள், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில பீட்டா பிளாக்கர்கள் எடையைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாமல், மாற்றிக் கொடுக்க முடியுமா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

இனி ராத்திரி மூன்று மணிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட வரி அதுதான், நீங்களோ போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்கிற பகுதி மூளையில் ஹைப்போதலாமஸில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் நிலையாக இருக்கும்போது கொஞ்சம் சூடு கூடினாலும் குறைந்தாலும் அது கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் ஆட்டம் காணும்போது அந்தப் பொறுமை போய்விடுகிறது, அரை டிகிரிக்கும் குறைவான மாற்றத்துக்கே "எரிகிறது, எரிகிறது" என்று தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்துவிட்டு வியர்வையைக் கொட்ட வைக்கிறது. நான் 49 வயதில் இரண்டு முறை ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் "மேடம், நல்லாத்தான் ஓடுது" என்று சொன்னபோது அவரிடம் சண்டைக்கும் போயிருக்கிறேன். மகளிர் நல மருத்துவர், அதுவும் இதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறவள்.

இப்படி வாரத்தில் நாலு ராத்திரி அரைத் தூக்கத்தில் போனால் என்ன ஆகும்? பசியைத் தூண்டுகிற கிரெலின் கூடும், போதும் என்று சொல்கிற லெப்டின் குறையும், மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கை தானாக இனிப்பைத் தேடும். அதற்கு "எனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று பெயர் வைத்து நம்மையே திட்டிக்கொள்வோம். தூக்கத்தைச் சரிசெய்யாமல் சாப்பாட்டில் கை வைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. அதனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் வைத்தியம் பார்ப்பது எடைக்கு அல்ல, இந்த வியர்வைக்குத்தான்.

அதற்கு இருப்பதிலேயே நன்றாக வேலை செய்வது ஹார்மோன் சிகிச்சை. குண்டாக்குமா என்று கேட்டிருந்தீர்கள்: ஆக்காது. மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் எடை கூடுவதில் வித்தியாசம் காணப்படவில்லை. அந்த வயதில் எப்படியும் கூடுகிறது, பழி மாத்திரை மேல் விழுகிறது. அதே சமயம் ஒல்லியாக்கவும் செய்யாது, யாராவது அப்படிச் சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் நீர் கோத்து மார்பு கனக்கலாம், சில வாரத்தில் போகும். ஹார்மோன் என்றாலே பயப்படுகிறோமே, அதற்கு 2002-ல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு காரணம். மார்பகப் புற்றுநோயும் இதயநோயும் கூடுகிறது என்று தலைப்புச் செய்தியானது. அதில் சேர்க்கப்பட்ட பெண்களின் சராசரி வயது 63 என்பது தலைப்பில் வரவில்லை. 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் ஆகிப் பத்து வருஷத்துக்குள், தொந்தரவு நிஜமாகவே இருந்து, தடை எதுவும் இல்லாதவருக்குத் தீமையைவிட நன்மை அதிகம் என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்டிரோனும் சேர்ந்த சிகிச்சையில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான் செய்கிறது, வருஷங்கள் போகப் போக இன்னும் கூடும். உங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது என்பதையெல்லாம் வைத்து டாக்டரோடு உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் தொடங்கக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் உங்களுக்கு, அதனால்தான் அந்த மூன்று நாளை முதலில் விசாரிக்கச் சொன்னேன். கருப்பை இருக்கிறவரை ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்ட்டிரோனும் சேர்ந்தே வேண்டும். ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்குவதைவிடத் தோலில் ஒட்டுகிற பேட்ச், தடவுகிற ஜெல் இவற்றில் ரத்தம் உறையும் அபாயம் குறைவு. உங்களைப் போல அதிகம் போகிறவர்களுக்கு எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: புரோஜெஸ்ட்டிரோன் போலவே வேலை செய்கிற லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற மருந்தைச் சுரக்கிற கருப்பைச் சாதனத்தை வைத்துவிட்டு, மேலே ஈஸ்ட்ரோஜன் ஜெல். ரத்தப்போக்கு குறைகிறது, உள்சவ்வுக்குக் காவல், கருத்தடையும் ஆகிவிடுகிறது. சாதாரண ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஹார்மோன் வேண்டாம் என்றாலோ முடியாது என்றாலோ வேறு வழி இல்லாமல் இல்லை. மனச்சோர்வு மாத்திரைகளில் சில குறைந்த அளவில் வியர்வையைக் குறைக்கும், நரம்பு வலிக்குக் கொடுக்கிற கபாபென்டின் ராத்திரி வியர்வைக்கு உதவும், 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெட்டன்ட் நேரடியாக அந்த ஹைப்போதலாமஸ் நரம்புகளிலேயே வேலை செய்கிறது, அதற்குக் கல்லீரல் பரிசோதனை அவ்வப்போது வேண்டும். குறட்டை உண்டா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். சத்தமான குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம், அதற்கு ஹார்மோன் பதில் சொல்லாது.

சாப்பாடு. காலைச் சாப்பாடு இல்லை, மதியம் சாலட் என்று எழுதியிருக்கிறீர்கள், ராத்திரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குற்றம் சொல்லவில்லை, இந்தக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது, ராத்திரிச் சாப்பாடு மட்டும் எல்லாக் கடிதத்திலும் காணாமல் போய்விடும். பகல் முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு ஒன்பது மணிக்கு வசூல் செய்யாமல் விடாது, அதிலும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவது யாருடைய கணக்கிலும் வருவதில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் எதையும் மாற்றாமல், வாயில் போடுகிற எல்லாவற்றையும் எழுதுங்கள், நின்றுகொண்டு போட்டதையும்.

அதற்கப்புறம் குறைப்பதைப் பற்றி யோசிக்காமல் சேர்ப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். தசை கரைகிற காலத்தில் புரதத்தைக் குறைத்தால் அது இன்னும் வேகமாகக் கரையும். இந்த வயதில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு நாளைக்கு 68-லிருந்து 80 கிராம்வரை, அதை மூன்று வேளைக்கும் பிரித்தால் வேளைக்கு 25 கிராம் போல. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. 100 கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராமுக்குக் குறையாது, வேகவைத்த பருப்பு 100 கிராமில் 8, 9. உங்கள் மதியச் சாலட்டில் இலையும் வெள்ளரியும் மட்டும் என்றால் 3 கிராம்கூடத் தேறாது, அதன் மேல் முட்டையோ சுண்டலோ பனீரோ கோழியோ கையளவு விழ வேண்டும். காலைச் சாப்பாட்டையும் திரும்பக் கொண்டுவாருங்கள், புரதத்தோடு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவைக் கேட்காமல் கூட்டாதீர்கள். மாவுச்சத்தை அடியோடு விட வேண்டியதில்லை, தட்டில் அதன் இடத்தைக் கொஞ்சம் சுருக்கிக் காய்க்கும் பருப்புக்கும் கொடுத்தால் போதும். மது குடிக்கிற பழக்கம் இருந்தால் கலோரியும் அதில்தான், ராத்திரி வியர்வையும் அதில்தான்.

நடையை விடாதீர்கள், இதயத்துக்கும் மனசுக்கும் அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் நடை தசையைப் பிடித்துவைக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட நடை போன்ற உழைப்பு என்பதோடு இன்னொரு வரியும் இருக்கிறது, வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி. முதல் வரியை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இரண்டாவதைத் தொடவே இல்லை.

ஜிம்முக்குப் போகவேண்டும் என்று இல்லை. கை இல்லாத கெட்டியான நாற்காலி ஒன்றைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் போடுங்கள். அதன் முன்பாதியில் உட்காருங்கள், பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பட வேண்டும், கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். குதிகாலை அழுத்தி எழுந்து நில்லுங்கள். இனி முக்கியமானது: உட்காரும்போது தொப்பென்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள், நாற்காலி தொடையைத் தொட்டதும் மறுபடி எழுங்கள். பத்து தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி பத்து. ஆறாவது ஏழாவதில் தொடை நடுங்கும், அதுதான் வேலை நடக்கிற இடம். மூட்டு வலித்தால் இருக்கையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இது சுலபமாகிவிட்டால், சுமார் மூன்று வாரத்தில் ஆகிவிடும், இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள், பிறகு டம்பெல். இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது ஒன்று, எலாஸ்டிக் பேண்டைப் பிடித்துப் பின்னால் இழுப்பது ஒன்று, மூன்றும் சேர்ந்து இருபது நிமிஷம், வாரம் இரண்டு அல்லது மூன்று நாள். எந்தப் பயிற்சியாக இருந்தாலும் கடைசி இரண்டு தடவை கஷ்டப்பட்டுத்தான் முடிய வேண்டும். பேசிக்கொண்டே பத்தையும் முடிக்கிறீர்கள் என்றால் எடையைக் கூட்டுகிற நேரம் வந்துவிட்டது. ஆம்பிளை மாதிரி உடம்பு வந்துவிடுமோ என்று கேட்பவர்களுக்கு: வராது. அப்படி வரவழைக்க ராத்திரி பகலாகப் பாடுபடுகிற ஆம்பிளைகளுக்கே வர மாட்டேன் என்கிறது.

முதல் ஆறு வாரம் வெயிட் மெஷினில் ஒன்றும் நடக்காது, சில பேருக்கு அரைக் கிலோ கூடும், புதிதாக உழைக்கிற தசை நீரைப் பிடித்துவைக்கும். பீரியட்ஸ் நெருங்கும்போதும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். தினமும் ஏறிப் பார்த்து நாளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், மாதம் ஒரு தடவை போதும். எவ்வளவு குறைக்கலாம் என்றால், ஆறு மாதத்தில் மூன்று, மூன்றரை கிலோ. அது உங்கள் எடையில் 5 சதவீதம், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்த அளவுக்கே நல்ல பதில் சொல்லும். 61-க்குத் திரும்ப வேண்டும் என்ற பிடிவாதத்தை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். பட்டினி கிடந்து வேகமாக இறக்கினால் போவதில் கணிசமான பங்கு தசையாக இருக்கும், எலும்பும் மெலியும், திரும்ப ஏறும்போது கொழுப்பாக மட்டும் ஏறும். எடை குறைக்கிற ஊசி எல்லார் வாயிலும் இருக்கிறது. செமாக்ளூட்டைடும் அந்த வகை மருந்துகளும் வேலை செய்கின்றன என்பது உண்மைதான், ஆனால் அவற்றிலும் தசை போகும், நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும், கர்ப்பம் ஆகக்கூடிய நிலையில் கவனமாக இருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது அதை நான் எழுதித்தர மாட்டேன். சர்க்கரை ரிப்போர்ட் மோசமாக வந்தால் மறுபடி பேசலாம்.

பவுடரை நிறுத்திவிடுங்கள். சோயாவில் இருக்கிற ஐசோஃபிளேவோன் சிலருக்கு உடம்பு கொதிப்பதைக் கொஞ்சம் குறைக்கிறது. பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை அரிதாகக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. வயிற்றைக் குறைக்கிற பவுடர் எதுவும் இன்னும் வரவில்லை. டப்பாவை மட்டும் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், காலண்டரையும் கொண்டுபோங்கள். "வெயிட்டைக் குறைங்க" என்று அவர் மறுபடி ஆரம்பித்தால், "மூன்று நாள் இத்தனை நாப்கின் ஆகிறது, வாரத்தில் இத்தனை ராத்திரி தூக்கம் இல்லை, முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். எண்ணிக்கையைச் சொன்னால் எங்கள் பேனா தானாக எழுத ஆரம்பிக்கும். அப்படியும் எழுதவில்லை என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

உடுப்புகளுக்கு வருவோம். இன்றைய அளவுக்குச் சரியாக இருக்கிற மாதிரி இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள், நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டு ஒருவரும் வேலை பார்க்க முடியாது. பழையதில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மிகச் சின்னதாகிப்போனதை அல்ல, கொக்கி மாட்ட இரண்டு விரல் இடைவெளி மட்டும் குறைகிற ஒன்று. மாதம் ஒரு தடவை, டேப் பிடிக்கிற அன்றைக்கு, அதைப் போட்டுப் பாருங்கள். மற்றதையெல்லாம் கொடுத்துவிடலாம்.